புரொடக்‌ஷனுக்கு ஏற்றியபின் சில ஃப்ளோக்கள் மட்டும் அணைந்து கிடப்பது ஏன்?

கேள்வி – எபேன், மொரீஷியஸ்

வணக்கம். எபேனில் ஓர் அலுவலகத்தில் பவர் ஆட்டோமேட் (வேலைகளைத் தானாகச் செய்விக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி) பணிகளைக் கவனித்து வருகிறேன். டெவலப்மென்ட் சூழலில் உருவாக்கும் ஃப்ளோக்களை, அதாவது தானியங்கிப் பணித்தொடர்களை, சொல்யூஷன் என்னும் தொகுப்பாக்கி, வெளியீட்டுக்கான மேனேஜ்டு வடிவில் பைப்லைன் (தானாக அனுப்பும் படிவரிசை) வழியாக, அன்றாடப் பயன்பாட்டுச் சூழலான புரொடக்‌ஷனுக்கு அனுப்புகிறோம். தைப்பூசக் காவடி விடுமுறைக்கு முந்தைய மாலை அனுப்பிய பதிப்பு வெற்றிகரமாக ஏறியதாகத்தான் பைப்லைன் காட்டியது. விடுமுறை கழிந்து வந்து பார்த்தபோது பதினொரு ஃப்ளோக்களில் மூன்று அணைந்திருந்தன. அதற்குள் கொள்முதல் ஒப்புதல் கோரிக்கை ஒன்றுகூட உரியவர்களுக்குப் போயிருக்கவில்லை. இயங்கித் தோல்வியுற்றிருந்தால் எச்சரிக்கை மின்னஞ்சலாவது வந்திருக்கும்; இயங்கவே இல்லை என்பதால் அதுவும் வரவில்லை. ஒவ்வொரு முறையும் கையால் ஆன் செய்யாமல் இருக்க வழி உண்டா?

பதில் 1 – போர்ட் லூயிஸ்

புதிய பதிப்பில் ஏதேனும் கனெக்‌ஷன் ரெஃபரன்ஸைச் சேர்த்தீர்களா என்று முதலில் பாருங்கள். பிற சேவைக்குள் நுழையும் உள்நுழைவே கனெக்‌ஷன்; எந்தக் கனெக்‌ஷனைப் பயன்படுத்துவது என்று ஃப்ளோவுக்குச் சுட்டுவது ரெஃபரன்ஸ். ஏற்கெனவே இணைக்கப்பட்டவை அடுத்தடுத்த பதிப்புகளிலும் அப்படியே நீடிக்கும். புதிதாக வந்ததற்குப் புரொடக்‌ஷனில் கனெக்‌ஷன் எதுவும் காட்டப்படாவிட்டால், சொல்யூஷன் ஏறிவிடும், அதைச் சார்ந்த ஃப்ளோ மட்டும் ஆன் ஆகாது. சில மட்டும் அணைந்திருப்பது இதையே சுட்டுகிறது.

டிப்ளாய்மென்ட் செட்டிங்ஸ் கோப்பு ஒன்றை ஒவ்வொரு சூழலுக்கும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ரெஃபரன்ஸின் லாஜிக்கல் பெயர், அந்தச் சூழலில் உள்ள கனெக்‌ஷனின் அடையாள எண், கனெக்டரின் (அந்தச் சேவைக்கான இணைப்பியின்) அடையாளம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். சூழலுக்குச் சூழல் மாறும் அமைப்புகளான என்விரான்மென்ட் வேரியபிள்களின் மதிப்புகளும் அதிலேயே அடங்கும். பிஏசி என்னும் கட்டளைவரிக் கருவியால் இம்போர்ட் செய்யும்போது இக்கோப்பையும், பிளக்இன்களையும் வொர்க்ஃப்ளோக்களையும் ஆக்டிவேட் செய்யும் தெரிவையும் சேர்த்தே கொடுங்கள்.

பதில் 2 – கியூர்பிப்

மேலே சொன்னது சரி. ஆனால் அது மட்டும் போதாது. ஃப்ளோவை ஆன் செய்யும் கணக்குக்கு அதன் கனெக்‌ஷன்களைப் பயன்படுத்த அனுமதி இருக்க வேண்டும். பைப்லைன் சர்வீஸ் பிரின்சிபலாக (ஆளுக்கு அல்லாமல் செயலிக்கு உரிய கணக்காக) இயங்க, கனெக்‌ஷன்களோ ஓர் ஊழியரின் பெயரில் இருந்து, அவற்றை அவர் பகிராமலும் விட்டிருந்தால், செட்டிங்ஸ் கோப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. சைல்டு ஃப்ளோவை (வேறொரு ஃப்ளோவால் அழைக்கப்படுவதை) முதலில் ஆன் செய்த பிறகே அதை அழைக்கும் ஃப்ளோவை ஆன் செய்ய முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இம்போர்ட் முடிந்தது என்ற பச்சைக் குறியை நான் நம்புவதில்லை. ஃப்ளோக்களின் விவரங்கள் பதிவாகும் தரவுத்தளமான டேட்டாவெர்ஸின் வொர்க்ஃப்ளோ டேபிளில் கேட்டகிரி 5 கொண்ட வரிசைகளே கிளவுட் ஃப்ளோக்கள். அவற்றில் ஸ்டேட்கோட் 1 என்றால் ஆன், 0 என்றால் ஆஃப். பைப்லைனின் கடைசிப் படியில் இதைக் கேட்டறிந்து, ஆஃபில் இருப்பவற்றை 1 ஆக்க முயன்று, அதன் பிறகும் ஏதேனும் ஆஃபில் நின்றால் பைப்லைனையே தோல்வியுறச் செய்கிறோம். வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கும் ஃப்ளோக்களின் பட்டியலைத் தனியே கொடுத்துவிடுங்கள். அது இல்லாமல் ஆண்டு இறுதிக் கணக்கு ஃப்ளோவை ஜூன் மாதத்தில் ஓடவிட்ட அனுபவம் எனக்கு உண்டு.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இரண்டு ஃப்ளோக்கள் புதிதாகச் சேர்த்த அவுட்லுக் ரெஃபரன்ஸைச் சார்ந்தவை. மூன்றாவது, அவற்றில் ஒன்றைச் சைல்டு ஃப்ளோவாக அழைப்பது. கனெக்‌ஷனை இணைத்து, வரிசைப்படி ஆன் செய்துவிட்டேன். இடையில் வந்த கொள்முதல் கோரிக்கைகள் தாமாகவே செயல்படுமா?

பதில் 1 – போர்ட் லூயிஸ்

அது டிரிகரை, அதாவது ஃப்ளோவைத் தொடங்கிவைக்கும் நிகழ்வைப் பொறுத்தது. புதிதாக ஏதும் வந்ததா என்று அவ்வப்போது போய்ப் பார்க்கும் போலிங் டிரிகராக இருந்தால், மீண்டும் ஆன் செய்தவுடன் நிலுவையில் உள்ளவற்றையும் எடுத்துக்கொள்ளும். நிகழ்ந்தவுடன் சேவையே தகவல் அனுப்பும் வெப்ஹூக் டிரிகர், ஆன் செய்த பிறகு நிகழ்பவற்றை மட்டுமே கவனிக்கும். டேட்டாவெர்ஸில் வரிசை சேரும்போது தொடங்கும் டிரிகர் இரண்டாம் வகை. ஆகவே விடுமுறையில் பதிவானவற்றை நீங்களே தேடி எடுத்து மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்

எங்களுடையது இரண்டாம் வகைதான். பதிவான நேரத்தை வைத்து வடிகட்டியதில் பதினேழு கோரிக்கைகள் அகப்பட்டன; கையால் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கியூர்பிப் நண்பர் சொன்ன சோதனைப் படியை இன்று மாலையே பைப்லைனில் சேர்க்கிறேன்.