புதுப்பிப்பு: அம்மாவோடு கப்பலில் போய் வந்தாச்சு

சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் அம்மாவை முதல்முறையாக அழைத்துப் போகிறேன், எனக்கு இது ஐந்தாவது பயணம் என்று போன மாதம் குறிப்புகள் எழுதியிருந்தேன் அல்லவா, நேற்று மயிலாடுதுறை திரும்பிவிட்டோம்.

அறை விஷயத்தில் நான் சொன்னதே சரி. கீழ்த்தளம், கப்பலின் நடுப்பகுதி, ஆட்டம் குறைவு. வாந்தி மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள், தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது.

எழுத மறந்தது ஒன்று. துறைமுகத்தில் கொடுத்த பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது, அம்மாவின் சர்க்கரை மாத்திரை அதற்குள்ளே! ஐந்து பயணம் போனவனுக்கு இது தேவைதான். மாத்திரையும் மாற்றுத்துணியும் கைப்பையில் இருக்கட்டும்.

அப்புறம் காபி. அம்மா பித்தளை ஃபில்டர், கும்பகோணத்துப் பொடி, கூடவே மின்சாரக் கெட்டிலும் கொண்டு வந்திருந்தார். தீப்பிடிக்கும் பயத்தால் கெட்டிலைச் சோதனையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் கொடுத்தார்கள், இஸ்திரிப் பெட்டிக்கும் இதே கதிதான். ஃபில்டர் தப்பித்தது. தினமும் விடிகாலையில் சாப்பாட்டுக் கூடத்தில், "தம்பி, தண்ணி தளதளன்னு கொதிக்கணும்" என்று அதிகாரம் வேறு.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், நடுக்கடல் நெட்வொர்க் தானாக ஒட்டிக்கொண்டால் பில் எகிறிவிடும்.

இப்போது திண்ணையில் உட்கார்ந்து "தரை இன்னும் ஆடுதுடா" என்கிறார். ஓரிரு நாள் அப்படித்தான் இருக்கும்.