சனிக்கிழமைத் திரைப்படக் குழு: மர்ம நபர்களின் திட்டம்

வெள்ளிக்கிழமை

அக்கா (இரவு 8.12): நாளை எல்லோரும் அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் பார்ப்பதற்கான படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய முறை என்னுடையது. சில்லறைத் திருடர்கள் சிலர் சேர்ந்து பெரிய கொள்ளைக்குத் திட்டம் போட்டு, அதைத் தங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்ளும் நகைச்சுவைப் படங்களில் ஒன்றைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இத்தாலியில் 1958-இல் மாரியோ மொனிச்செல்லி இயக்கிய 'இ சொலித்தி இஞ்ஞோத்தி' என்னுடைய தேர்வு. நம் செய்தித்தாள் நடையில் சொன்னால், அந்தத் தலைப்பின் பொருள் 'வழக்கமான மர்ம நபர்கள்' என்பதுதான்.

தம்பி (8.15): அக்கா, கொள்ளைப் படம் என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் இவர்கள் கோட்டை விடப்போகிறார்கள் என்று இப்போதே தெரிந்துவிட்ட பிறகு, கடைசி வரை எதற்காகக் காத்திருந்து பார்க்க வேண்டும்?

அத்தை (8.19): எனக்கு வேறொரு தயக்கம் இருக்கிறது. பொருளைப் பறிகொடுத்தவர்களின் பக்கம் நின்று பார்க்காமல், திருடியவனின் பக்கம் நின்று சிரிக்கச் சொல்லும் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. தவிர, வழுக்கி விழுவதையும் மண்டையில் இடித்துக்கொள்வதையும் திரும்பத் திரும்பக் காட்டினால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடுகிறது.

பெரியப்பா (8.34): தம்பி கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வகைப் படங்களின் உயிரே அங்கேதான் இருக்கிறது. கொள்ளை வெற்றி பெறப்போகும் படத்தில் திட்டத்தை நம்மிடமிருந்து பெரும்பாலும் மறைத்துவிடுவார்கள். மேசையைச் சுற்றி நின்று பேசத் தொடங்கியதுமே காட்சி முடிந்துவிடும், பிறகு அவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் திட்டம் என்ன என்று நாம் தெரிந்துகொள்வோம். திருடர்கள் சொதப்பப்போகும் படத்திலோ திட்டம் முழுவதையும், எந்த வழியாக நுழைவது, எந்தச் சுவரை உடைப்பது, யார் எங்கே நிற்பது என்பது வரை, நமக்கு நிதானமாகச் சொல்லிவிடுவார்கள். நாமும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாகத் திட்டத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் உள்ளே போகிறோம். அதனால் ஒவ்வோர் அடி பிசகும்போதும் அது எவ்வளவு பிசகியது என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும், சிரிப்பும் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. தோற்பார்கள் என்பது தெரிந்திருப்பதால் எதுவும் குறைந்துவிடாது. எந்த இடத்தில், யாருடைய எந்தக் குணத்தால் தோற்பார்கள் என்பதற்காகத்தான் காத்திருக்கிறோம்.

தம்பி (8.38): இப்போது யோசித்தால் 2013-இல் வந்த 'சூது கவ்வும்' படமும் அப்படித்தான் இருக்கிறது, பெரியப்பா. கடத்தலுக்கான விதிகளை விஜய் சேதுபதி முதலிலேயே அடுக்கிவிடுவார். அதிகாரத்தில் இருப்பவர்கள் மீது கை வைக்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது, அமைச்சரின் மகனைக் கடத்த ஒப்புக்கொண்டதும் அந்த விதிதான் முதலில் உடைகிறது. விதி நமக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அந்த இடத்தில் நமக்கு ஒன்றுமே தோன்றியிருக்காது.

பெரியப்பா (8.40): மிகச் சரியாகப் பிடித்துவிட்டாய்.

சித்தப்பா (8.52): அத்தையின் தயக்கத்துக்கு நான் பதில் சொல்கிறேன். 1955-இல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக் இயக்கிய 'தி லேடிகில்லர்ஸ்' படத்தில், ஐந்து கொள்ளைக்காரர்கள் இசைக் குழுவினர் என்று பொய் சொல்லி ஒரு மூதாட்டியின் வீட்டு மாடியில் அறை எடுக்கிறார்கள். உள்ளே கொள்ளைக்குத் திட்டம் தீட்டிக்கொண்டே, வெளியே சங்கீதம் கேட்க வேண்டும் என்பதற்காக பொக்கரீனி என்ற இசையமைப்பாளரின் இசைத்தட்டைச் சுழலவிடுகிறார்கள். அந்த அம்மாள் தேநீர் வேண்டுமா என்று கேட்டுக் கதவைத் தட்டும் ஒவ்வொரு முறையும் ஆளுக்கொரு வாத்தியத்தைப் பாய்ந்து எடுத்துக்கொள்கிறார்கள். கொள்ளை நன்றாகவே நடந்துவிடுகிறது! பணத்தோடு விடைபெற்றுப் போகும் கடைசி நிமிடத்தில் ஒருவனுடைய வாத்தியப் பெட்டியின் வார், சாத்திய கதவின் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது. அவன் பலம் கொண்ட மட்டும் இழுக்க, பெட்டி திறந்து நோட்டுகள் எல்லாம் அந்த அம்மாளின் கண்ணெதிரே சிதறுகின்றன. இனி அவரைக் கொன்றால்தான் தப்பிக்க முடியும் என்ற நிலையில் தீக்குச்சிகளைக் கொண்டு சீட்டுப் போடுகிறார்கள், ஆனால் யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் ஒருவர் பின் ஒருவராக அந்த ஐந்து பேரும்தான் சாகிறார்கள். மூதாட்டியாக நடித்த கேட்டி ஜான்சனின் முகத்தில் இருக்கும் கண்டிப்பைப் பாருங்கள், அந்தப் படம் யார் பக்கம் நிற்கிறது என்பது விளங்கிவிடும்.

அத்தை (8.58): நீ சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனம் வராமல் தடுமாறுவதும் முட்டாள்தனமும் ஒன்றல்லவே. இவர்களை முட்டாள்கள் என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்?

நான் (9.06): எனக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை, அத்தை. வெறும் முட்டாளைப் பார்த்து அதிக நேரம் சிரிக்க முடியாது. தன் தொழிலை மதிக்கிற, அதை முறையாகக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற, ஆனால் அந்தத் தொழிலுக்கு எந்த விதத்திலும் பொருந்தாத மனிதனைப் பார்க்கும்போதுதான் சிரிப்போடு பாசமும் வருகிறது. அக்கா சொன்ன படத்தில், பெட்டகம் திறப்பது எப்படி என்று இத்தாலிய நகைச்சுவை நடிகர் தோத்தோ வகுப்பெடுக்கும் காட்சி ஒன்று உண்டு. அவர் கல்லூரிப் பேராசிரியரைப் போல ஒவ்வொரு முறையாக விளக்குவார், எதிரே இருப்பவர்கள் நல்ல மாணவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்கள். ஒருவர்கூட அங்கே நகைச்சுவை செய்ய முயல மாட்டார். மர்செல்லோ மாஸ்ட்ரோயானி ஏற்ற பாத்திரத்தின் மனைவி சிறையில் இருக்கிறாள், அதனால் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே கொள்ளை வேலையும் பார்க்க வேண்டிய நிலைமை அவருக்கு. பிறகு கை முறிந்து, கட்டோடு வந்து நிற்பார். இதில் எதுவும் முட்டாள்தனம் இல்லை, வசதி இல்லாதவன் வசதி உள்ளவனின் குற்றத்தைச் செய்யப் பார்க்கிறான், அவ்வளவுதான்.

பெரியப்பா (9.15): இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்துக்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 1955-இல், ஜூல்ஸ் டாசின் இயக்கிய 'ரிஃபிஃபி' பிரான்சில் வெளிவந்தது. அதில் ஏறத்தாழ அரைமணி நேரம் ஒரு வசனமும் பின்னணி இசையும் இல்லாமல் கொள்ளை நடக்கும், நால்வரும் அறுவை மருத்துவர்களைப் போல வேலை செய்வார்கள். மொனிச்செல்லி கேலி செய்தது அந்தக் கச்சிதத்தைத்தான். ஆனால் ஒளிப்பதிவில் அவர் கேலி எதையும் சேர்க்கவில்லை. ரோம் நகரின் ஏழைக் குடியிருப்புகளைக் கறுப்பு வெள்ளையில், ஒரு துயரப் படத்துக்கு உரிய கனத்தோடுதான் எடுத்திருக்கிறார்கள். அதுவரை கனமான வேடங்களுக்குப் பேர் போன வித்தோரியோ காஸ்மனைத் திக்கிப் பேசும் குத்துச்சண்டை வீரனாக நடிக்கவைத்ததும் அதே துணிச்சல்தான்.

அக்கா (9.18): அப்படியானால் நாளை இரவு 9 மணிக்கு எல்லோரும் தயாராக இருங்கள். படம் ஓடும்போது யாரும் குழுவில் எதுவும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

அத்தை (காலை 7.40): நேற்று இரவு எல்லோருக்கும் முன்பே எழுத வேண்டும் என்று நினைத்தேன், ஆனால் மனம் ஒரு நிலையில் இல்லை. கோசிமோ என்ற அந்த வயதான திருடன் அடகுக்கடையில் போய்த் துப்பாக்கியை நீட்டுகிறான். கவுண்ட்டரில் இருப்பவர் பதறவே இல்லை. அடகு வைக்க வந்த பொருள் என்று நினைத்து அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து மதிப்புப் போடத் தொடங்குகிறார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிறிது நேரத்தில் அதே கோசிமோ ஒரு கைப்பையைப் பறிக்கப் போய் டிராம் வண்டியில் அடிபட்டுச் செத்துவிடுகிறான். சிரித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு இப்படி ஒரு சாவைக் காட்ட வேண்டுமா?

பெரியப்பா (8.05): காட்ட வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன், அம்மா. இத்தாலிய பாணி நகைச்சுவை என்று பின்னாளில் பேர் பெற்ற படங்களுக்கெல்லாம் தொடக்கம் என்று இந்தப் படத்தைச் சொல்வதற்கு அந்தச் சாவும் ஒரு காரணம். கோசிமோ பிழைத்திருந்தால் மற்றவர்களுடைய பசியும் அச்சமும் நமக்கு விளையாட்டாகவே தெரிந்திருக்கும். அவன் போன பிறகு அவர்கள் கன்னம் வைக்கப் போகும்போது நாம் சிரித்தாலும், கூடவே பயப்படுகிறோம்.

அத்தை (8.11): பயந்தேன் என்பது உண்மை. ஆனாலும் அந்தக் காட்சியை என்னால் முழுமையாக ஏற்றுக்கொள்ள முடியவில்லை, அண்ணா.

தம்பி (8.30): நான் சுவர்க் காட்சியை இரண்டாவது முறையும் பார்த்தேன். பக்கத்து வீட்டில் புகுந்து மெல்லிய சுவரை உடைத்தால் அடகுக்கடைக்குள் போய்விடலாம் என்ற திட்டம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் வீட்டுக்குள் மேசை நாற்காலிகளை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதை அவர்களைப் போலவே நானும் யோசிக்கவில்லை. அதனால் அடையாளம் தவறி வேறு சுவரில் அவ்வளவு பாடுபட்டு ஓட்டை போட்டு எட்டிப் பார்த்தால், அது அதே வீட்டின் சமையலறை! அதற்குப் பிறகு யாரும் யாரையும் திட்டவில்லை. உட்கார்ந்து, அங்கே இருந்த கொண்டைக்கடலை பாஸ்தாவைச் சூடாக்கிச் சாப்பிடுகிறார்கள். பெரியப்பா வெள்ளிக்கிழமை சொன்னதை நான் அந்த இடத்தில்தான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

சித்தப்பா (8.44): விடிந்த பிறகு நடப்பதை யாரும் சொல்லவில்லையே. போலீஸ்காரர்களைக் கண்டு ஒளிவதற்காகக் காஸ்மன் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் வரிசைக்குள் புகுந்துகொள்ள, கூட்டம் அவரை அப்படியே வாயிலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. வெளியே நின்றுவிட்ட கிழவன் கப்பன்னெல்லே, உள்ளே போனால் உன்னை வேலை செய்ய வைத்துவிடுவார்கள் என்று உண்மையான கவலையோடு கத்துகிறான்.

அக்கா (8.51): அதற்குப் பிறகு வரும் செய்தித்தாள் துணுக்கையும் கவனித்தீர்களா? சுவரை உடைத்து வீட்டுக்குள் புகுந்த வழக்கமான மர்ம நபர்கள், பாஸ்தாவும் கொண்டைக்கடலையும் திருடுவதற்காகவே வந்ததாகத் தெரிகிறது என்று அதில் எழுதியிருக்கிறார்கள்.