சிறை தலைவரை உருவாக்குகிறதா? மண்டேலாவும் முகாபேயும்

பொன்மணி எழுதியது:
துன்பம் தலைமைப் பண்பை வளர்க்கும் என்பதற்கு நெல்சன் மண்டேலாவின் வாழ்வே போதிய சான்று என்று கருதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசை எதிர்த்து 1961-இல் ஆயுதப் படை அமைத்தவர், 27 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து 1990 பிப்ரவரி 11 அன்று வெளியே வந்தபோது, தம்மை அடைத்து வைத்த அரசோடு எதிரெதிரே அமர்ந்து பேசும் பொறுமையைப் பெற்றிருந்தார். ராபன் தீவுச் சிறையில் சுண்ணாம்புக்கல் உடைத்த காலத்திலேயே காவலர்களின் ஆப்பிரிகான்ஸ் மொழியைக் கற்று, எதிரி எதற்கு அஞ்சுகிறான் என்பதை அறிந்துகொண்டார். இந்தப் பாடத்தை வேறெந்தப் பள்ளி அவருக்குக் கற்பித்திருக்கும்?

குமரவேள் எழுதியது:
அதே பள்ளியில் படித்த இன்னொருவரை நண்பர் பொன்மணி கணக்கில் சேர்க்கவில்லை. பின்னாளில் ஜிம்பாப்வேயை ஆண்ட ராபர்ட் முகாபே, அந்நாடு ரொடீசியா என்ற பெயரில் வெள்ளையர் ஆட்சியில் இருந்தபோது அதன் சிறைகளில் ஏறத்தாழ 11 ஆண்டுகள் இருந்தார்; அஞ்சல்வழியில் பட்டங்கள் பெற்றார்; சக கைதிகளுக்குப் பாடம் நடத்தினார். 1966-இல் கானாவில் அவருடைய சின்னஞ்சிறு மகன் நோயால் இறந்தபோது, இறுதிச் சடங்குக்குச் செல்ல ரொடீசியாவின் இயன் ஸ்மித் அரசு அவரை அனுமதிக்கவில்லை. 1969-இல் மண்டேலாவின் மூத்த மகன் தெம்பி கார் விபத்தில் இறந்தபோது அவருக்கும் அதே மறுப்புத்தான் கிடைத்தது. 1980-இல் ஆட்சிக்கு வந்த முகாபேயும் வெள்ளையரோடு இணக்கமே பேசினார். ஸ்மித் ஆட்சியின் உளவுத்துறைத் தலைவர் கென் பிளவரையே பதவியில் நீடிக்க விட்டார். ஆனால் 1983 முதல் அவருடைய ஐந்தாவது படையணி நாட்டின் மடபெலேலாந்துப் பகுதியில் ஆயிரக்கணக்கான பொதுமக்களைக் கொன்று குவித்தது. சிறைதான் ஆசான் என்றால் இந்த மாணவரை எங்கே வைப்பது? மண்டேலாவின் பொறுமை சிறைக்கு முந்தையது. தம் இனக்குழுவான தெம்பு மக்களின் ஆட்சிப் பொறுப்பாளர் ஜோங்கிந்தாபாவின் அவையில், எல்லோரும் பேசி முடித்த பின்பே தலைவர் வாய் திறப்பதைச் சிறுவயதிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர்.

பொன்மணி எழுதியது:
முகாபேயைப் பற்றி நீங்கள் கூறியதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் மண்டேலாவின் பண்புகள் முன்பே முழுமையடைந்திருந்தன என்பதை ஏற்க இயலவில்லை. 1962-இல் பிரிட்டோரியா சிறையில் ஆப்பிரிக்கக் கைதிகளுக்குரிய அரைக்கால்சட்டையை அணிய அவர் மறுத்தார். அதிகாரிகள் முழுக்கால்சட்டையும் நல்ல உணவும் கொடுத்து அவரைத் தனிமைச் சிறையில் அடைத்தனர். பேச்சுத்துணைக்கு ஒரு மனிதர்கூட இல்லாத சில வாரங்களுக்குப் பிறகு, மற்றவர்களோடு இருந்தால் போதுமென்று அந்தச் சலுகைகளை அவரே விட்டுக்கொடுத்தார். பின்னர் ராபன் தீவில் அவரும் தோழர்களும் அதே முழுக்கால்சட்டையை எல்லோருக்குமாகக் கேட்டுப் போராடிப் பெற்றனர். தன் மானத்தைக் காப்பதற்கும் அனைவரின் மானத்தைக் காப்பதற்கும் உள்ள தொலைவை அவர் சிறையில்தான் கடந்தார்.

தாமரைக்கண்ணி எழுதியது:
மண்டேலாவும் முகாபேயும் சிறையில் யாரோடு, எப்படி வாழ்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ராபன் தீவில் வால்டர் சிசுலு போன்ற மூத்த தோழர்கள் மண்டேலாவைக் கண்டிக்கும் உரிமையோடு உடனிருந்தார்கள். முகாபேயோ 1974-இல் சிறைக்குள்ளேயே கட்சித் தலைவர் சித்தோலேயை வாக்களித்து நீக்கிய குழுவோடு இருந்து, பின்னர் அந்த இடத்துக்கே உயர்ந்தவர்.

குமரவேள் எழுதியது:
தோழமைதான் மண்டேலாவை ஆக்கியது என்றால், அவருடைய வாழ்வின் மிகப் பெரிய முடிவை நீங்கள் இருவரும் எப்படி விளக்குவீர்கள்? 1985-இல் அறுவை சிகிச்சை முடிந்து பால்ஸ்மூர் சிறைக்குத் திரும்பியவரைத் தோழர்களிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தார்கள். அந்தத் தனிமையை வாய்ப்பாகக் கொண்டு, மாடியில் இருந்த சக கைதிகளான சிசுலுவையோ கத்ரடாவையோ கலந்துகொள்ளாமலேயே அரசோடு பேச்சைத் தொடங்க அவர் முடிவெடுத்தார். கேட்டிருந்தால் தடுத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அப்படித் தனித்து நிற்கும் துணிவு கூட்டு வாழ்க்கையில் கற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

பொன்மணி எழுதியது:
தொடங்கியது தனியாகத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு வளரத் தொடங்கியதும் அவர் தோழர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துச் செய்தியைச் சொன்னார். சாம்பியாவின் லுசாக்காவிலிருந்து அவர்களுடைய கட்சியை வழிநடத்திய ஆலிவர் தாம்போ கவலையோடு விசாரித்தபோது விளக்கம் எழுதி அனுப்பினார். சிசுலுவுக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. இருந்தும் அவர் குறுக்கே நிற்கவில்லை. கல்லுடைக்கும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் அருகருகே நின்று பழகியிராவிட்டால், சிசுலு அந்த அளவுக்கு அவரை நம்பியிருப்பாரா என்று குமரவேள் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.