கப்பி போட்டால் மரத்துக்குச் சுமை இரட்டிப்பா?

சகதிப்புலி:
வின்ச் (சிக்கிய வண்டியை ரோப்பைச் சுற்றி இழுக்கும் மோட்டார்) பேச்சு எடுத்தாலே "ஸ்னாட்ச் பிளாக் (கப்பி) போடு, பவர் டபுள்" என்கிறார்கள். மரத்துக்கும் ஷாக்கிளுக்கும் (இணைப்பு வளையம்) சுமை டபுள் ஆவதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூலை மழை குடித்த மண்ணில் மரம் வேரோடு வந்துவிடும். கப்பி இல்லாமல் நேராக இழுக்கும் சிங்கிள் லைன்தான் பாதுகாப்பு. முடியவில்லை என்றால் வின்ச் தானே திணறி நின்றுவிடும். இன்னொன்று, சிந்தடிக் ரோப் வந்த பிறகு அறுந்தால் பறக்காமல் இருக்க ரோப் மேல் போர்வை போடுவது வீண் வேலை.

கப்பிக்காரன்:
கணக்குப் போட்டே பார்ப்போம். 2,000 கிலோ வண்டி, சக்கரம் புதையும் அளவு சேறு. இதற்கு இழுவைத் தடை வண்டி எடைக்குச் சமம் என்பது ராணுவ மீட்புப் பணியில் பயன்படும் தோராயம். 15 டிகிரி ஏற்றமும் இருந்தால் இன்னொரு 25 சதவீதம். ஆக 2,500 கிலோ.

சிங்கிள் லைனில் ரோப்பில் 2,500, மரத்தில் 2,500. இப்போது மரத்தில் கப்பி மாட்டி, ரோப் நுனியை உங்கள் வண்டிக்கே திருப்பிக் கொண்டுவந்து மாட்டுங்கள். ரோப்பின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 1,250 (உராய்வுக்காக வின்ச் பக்கம் 1,300ஐத் தாண்டும்). இரண்டும் சேர்ந்து மரத்தில் அதே 2,500. ரோப் இழுவையோடு ஒப்பிட்டால்தான் மரத்துக்கு இரட்டிப்பு. மரம் தாங்கும் சுமை மாறவே இல்லை, வின்ச் படும் பாடுதான் பாதியாகிறது.

லோ ரேஞ்ச்:
உண்மையிலேயே இரட்டிப்பாகும் இடம் வேறு. ரோப் நுனி வண்டிக்குத் திரும்பாமல் வேறொரு வண்டியையோ மரத்தையோ பிடிக்கும்போது, கப்பி வெறுமனே திசை திருப்பத்தான் பயன்படுகிறது. இழுவை கூடுவதில்லை, ஆனால் கப்பி கட்டிய மரத்துக்குச் சுமை கூடும். ரோப்பின் இரு பக்கமும் கிட்டத்தட்ட இணையாக இருந்தால் 2 மடங்கு, 90 டிகிரியில் 1.41 மடங்கு, 120 டிகிரிக்கு விரித்தால் ரோப் இழுவைக்குச் சமம். அந்தக் கோணத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது. கட்டு விட்டால் கப்பி அந்தப் பக்கம்தான் பாயும்.

சகதிப்புலி:
கணக்கு சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தடை 2,500தான் என்று யார் அளந்து சொன்னது? சேற்றுக்குள் ஆக்சில் பாறையில் முட்டி நிற்கிறது என்று வையுங்கள். 9,500 பவுண்டு (4,300 கிலோ) வின்ச் சிங்கிள் லைனில் திணறி நிற்கும். கப்பி போட்டால் அதே வின்ச் மரத்தை 8,600 கிலோ வரை இழுக்கும். அப்போது எது முதலில் முறியும்? நான் பயப்படுவது அதற்குத்தான்.

கப்பிக்காரன்:
நியாயமான பயம். ஆனால் அந்த 4,300 ட்ரம்மின் (ரோப் சுற்றும் உருளை) முதல் அடுக்கில் மட்டும். ஒவ்வொரு அடுக்குக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் போய், நாலாவது அடுக்கில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 2,850 மிஞ்சும். அதில் 2,500ஐ இழுத்தால் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் உறிஞ்சும், பேட்டரி படுத்துவிடும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தாலும் ஆல்டர்னேட்டர் அதற்கு ஈடு கொடுக்காது. திணறி நிற்பதைப் பாதுகாப்பு என்கிறீர்கள். மோட்டாரும் சாலினாய்டும் (அதை இயக்கும் மின்சுவிட்ச்) கருகுவது அங்கேதான்.

பாறையில் முட்டியிருக்கிறதா என்று பார்க்க மண்வெட்டி போதும். டயருக்கு முன்னால் சரிவாக வெட்டிவிட்டு, லோ ரேஞ்ச் கியரில் சக்கரத்தை மெதுவாகச் சுழலவிட்டாலே தடை குறையும். ரோப் தளரும் அளவுக்கு வண்டி முந்திவிடக் கூடாது, தளர்ந்த ரோப் திடீரென விறைத்தால் அந்தத் திடீர் சுமை எந்தக் கணக்கிலும் அடங்காது.

பின்சீட்:
மரம் 20 மீட்டர் தள்ளி இருந்தால்? என் ரோப் 28 மீட்டர்தான்.

கப்பிக்காரன்:
ட்ரம்மில் சிந்தடிக் என்றால் குறைந்தது 8 சுற்று, ஸ்டீல் என்றால் 5 சுற்று மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் முனைக் கட்டே பிய்த்துக்கொண்டு வரும். ஆக கப்பி எட்டுவது 12, 13 மீட்டர் தூரம். மிச்சத்துக்கு மரத்திலிருந்து கப்பி வரை வின்ச் எக்ஸ்டென்ஷன் ரோப். அந்த இடத்தில் ஸ்னாட்ச் ஸ்ட்ராப் (நீளும் இழுவைப் பட்டை) மட்டும் வேண்டாம். அது 20 சதவீதம் நீளும், நீண்டதெல்லாம் அதற்குள் தேங்கிய சக்தி. மரத்தில் 75 மிமீ அகல ஸ்ட்ராப்பை அடிப்பகுதியில் சுற்ற வேண்டும். ரோப் நுனி பம்பரில் வேண்டாம், சேஸிஸில் போல்ட் அடித்த, தாங்கும் சுமை குறித்த ரேட்டட் பாயின்ட்டில் மாட்டுங்கள். பம்பரில் மாட்டினால் பாதிச் சுமை, சுமார் 1,250 பம்பருக்கே வரும்.

லோ ரேஞ்ச்:
போர்வை விஷயத்தில் புலியோடு ஒத்துப்போக முடியாது. சிந்தடிக் அதிகம் நீளாது, லேசு, ஸ்டீல் போல சாட்டையடி அடிக்காது, சரி. ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நுனியில் தொங்கும் இரும்பு. ஆஸ்திரேலியாவில் டோ பாலில் (ட்ரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை) ஸ்ட்ராப் மாட்டி இழுத்து, பால் முறிந்து பறந்து உயிர் போயிருக்கிறது. அங்கே அறுந்தது ஸ்ட்ராப் அல்ல. நடுவில் ஒரு டேம்பர் (அந்தப் போர்வைதான்), கப்பி போட்டால் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொன்று. இரும்பு ஷாக்கிளுக்குப் பதில் கயிற்றாலான சாஃப்ட் ஷாக்கிள் போட்டால் பறக்கும் எடை குறையும். இரும்பேதான் என்றால் 4.75 டன் என்று மேலேயே பொறித்தது. பொறிப்பு இல்லாத ஷாக்கிளை வீட்டு கேட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.

சகதிப்புலி:
சரி, போர்வை போடுகிறேன். ஆனால் சிந்தடிக்குக்குக் கோயில் கட்டாதீர்கள். நம் ஊர் வெயிலில் முன்னால் தொங்கிக்கொண்டே நைந்துபோகும், மணல் இழைக்குள் புகுந்து அறுக்கும். ஸ்டீல் ஓடிப் பள்ளம் விழுந்த ரோலரில் சிந்தடிக்கை ஓட்டினால் பிசிறடித்துவிடும்.

லோ ரேஞ்ச்:
அதனால்தான் ரோப்போடு ரோலருக்குப் பதில் அலுமினிய ஹாஸும் (ரோப் வெளிவரும் வழவழப்பான வாய்) மாற்றச் சொல்கிறோம். வெயிலுக்கு உறை, மணலுக்கு வாளித் தண்ணீர். அதைவிட மோசம் உள்ளிருந்து வரும் சூடு. ட்ரம்முக்குள்ளேயே பிரேக் இருக்கும் வின்ச்சில், சுமையோடு வண்டியைச் சரிவில் இறக்கினால் ட்ரம் கொதிக்கும். சிந்தடிக் 150 டிகிரி அளவிலேயே உருகும், பலம் அதற்கு வெகு முன்பே போய்விடும். அப்படி இறக்கும் வேலை அடிக்கடி உள்ளவர் ஸ்டீலே வைத்திருக்கலாம்.

சகதிப்புலி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

பின்சீட்:
மரமே இல்லாத இடத்தில்? ஸ்பேர் டயரைப் புதைத்தால் தாங்குமா?

கப்பிக்காரன்:
மணலில் நிறுத்தி வைத்து முழுசாகப் புதைக்க வேண்டும். ஸ்ட்ராப் வெளியே வரும் பக்கம் சரிவாகச் சின்ன வாய்க்கால் வெட்டுங்கள், இல்லையென்றால் இழுவை மேல்நோக்கிப் போய் டயர் எழும்பிவிடும். அதற்கு முன்னால் வண்டி டயர்களில் காற்றை 15 பிஎஸ்ஐக்கு இறக்கிப் பாருங்கள், பாதி நேரம் குழியே தோண்ட வேண்டியிருக்காது.