மறையூர் வெல்லம், வட்டவடைப் பூண்டு: வாங்கியவர்களும் விற்றவர்களும் சொல்லுங்கள்

உடுமலை மேற்கு

உடுமலையிலிருந்து, வெல்லத்துக்குப் பேர்போன மறையூருக்கு ஏறும் வழியில் சின்னார் சோதனைச் சாவடியில் பார்த்தது இன்னும் உறுத்துகிறது. மூணாறு போகிறவர்களுக்கு அந்த இடம் தெரியும். எனக்கு முன்னால் ஒரு பிக்கப் நின்றது. தார்ப்பாயை விலக்கச் சொன்னார்கள். உள்ளே சாக்குச் சாக்காக உருண்டை வெல்லம். வண்டி மலையிலிருந்து இறங்கவில்லை, மேலே ஏறுகிறது!

பக்கத்தில் போய், "ஏனுங்ணா, மறையூருக்கே வெல்லமா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அங்கே ஒரு கல்யாணங்க தம்பி. ஆயிரம் பேருக்குப் பாயசம்" என்றார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே!

மறையூர் கடைவீதியில் நுழைந்தால் ஒவ்வொரு கடையிலும் 'ஒரிஜினல் மறையூர் வெல்லம்' என்று பலகை. 2019இல் புவிசார் குறியீடு வந்த பிறகு பலகையில் எழுத்தும் பெரிதாகிவிட்டது. ஒரு கடையில் "இது எந்த ஆலையில் காய்ச்சியது?" என்றேன். "வேணும்னா எடுங்க, இல்லேன்னா முனியறையைப் பார்த்துட்டுப் போங்க" என்று பதில். முனியறை என்பது அங்கே இருக்கிற பழங்காலக் கல் அறைகள். ரெண்டு கிலோ வாங்கிக்கொண்டுதான் வந்தேன். பாயசம் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

கொப்பரை வீட்டுப் பையன்

மேலே எழுதியவருக்கு: அந்த மாதிரி வண்டிகளை நாங்களும் பார்க்கிறோம். உங்களுக்கு எரிச்சல், எங்களுக்கு அது வயிற்றில் அடி. ஆனால் கடைக்காரரோடு எங்களையும் சேர்த்துப் பேசாதீர்கள்.

எங்களுடையது மறையூர் பக்கம் சின்ன ஆலை. கேரளம் முழுக்க ஆனி, ஆடியில் மழை கொட்டும்போது மறையூரைச் சுற்றியுள்ள எங்கள் அஞ்சுநாட்டுக்கு மட்டும் மழையை மலை மறைத்துவிடும். அதனால் வருஷம் பூராவும் எங்காவது ஒரு ஆலையில் புகை எழும். நூறு கிலோ கரும்பு ஆட்டினால் பத்து கிலோ வெல்லம் தேறும். கொஞ்சம் கூடலாம், குறையலாம். சாறு கொப்பரையில் கொதிக்கும்போது சுண்ணாம்பு போட்டு அழுக்கை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் எரிகிறது காய்ந்த சக்கை. பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் கையால் உருட்டணும். எங்கள் உருண்டையில் விரல் தடம் இருக்கும். அப்பாவின் உள்ளங்கையில் ரேகை பார்க்க எந்த ஜோசியராலும் முடியாது.

எனக்கு மறக்காத சங்கதி வேறு. ஓணத்துக்கு முன்னால் ஒரு மொத்த வியாபாரி வந்தார். சர்க்கரை வரட்டிக்கும் (வெல்லப்பாகில் புரட்டின வாழைக்காய் வறுவல்) பாயசத்துக்கும் அப்போதுதான் தேவை அதிகம். எங்கள் உருண்டையை உடைத்துப் பார்த்து, "கறுப்பா இருக்கே" என்றார். பையிலிருந்து சமவெளி வெல்லம் ஒன்றை எடுத்துக் காட்டினார். பொன் மஞ்சள். "இந்த நிறத்துல கொடுங்க, எவ்வளவு வேணாலும் எடுக்கறேன்." அந்த நிறம் எதில் வரும் என்று தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஹைட்ரோஸ் என்கிற வெளுப்பு மருந்து போட வேண்டும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து சூடாக ஒரு வழி வழித்து, கரும்புச் சக்கையில் வைத்துக் கொடுத்தார். அந்த ஆள் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் விரலைச் சூப்பிக்கொண்டே கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்தார்.

குறைத்த விலைக்கே கொடுத்தோம். ராத்திரியில் யானை இறங்குகிற ஊரில் வெட்டின கரும்பையும் காய்ச்சின வெல்லத்தையும் எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

ஓய்வு வேதியியல் வாத்தியார்

மறையூரை அடுத்த காந்தளூரில் வாங்கிய வெல்லம் சென்னை வந்ததும் வேர்த்து, பூசணம் பிடித்துவிட்டது. என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இங்கே எல்லாரும் உணர்ச்சிவசப்படுகிறீர்கள், விஷயத்துக்கு வருவோம்.

வெல்லம் வாங்கும்போது முதலில் நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்ற மஞ்சள் என்றால் ஒதுக்கிவிடுங்கள். ஹைட்ரோஸ் என்பது சோடியம் ஹைட்ரோசல்பைட், துணி ஆலையில் சாயம் போக்கப் பயன்படுவது. கிலோ வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. கடையில் யார் அளந்து பார்க்கிறார்கள்? அடுத்து, ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கரையுங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்தால் சுண்ணாம்புத் தூளோ வேறெதுவோ இருக்கலாம். படிவின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா பாருங்கள். உப்புக் கரித்தால் பழைய சரக்கு, அல்லது உவர் நிலத்துக் கரும்பு. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். காய்ந்த ஜாடி, இறுக்கமான மூடி. மழைக்காலத்தில் ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஆனால் காற்றுப் புகாத டப்பாவில்தான். பழைய புளியோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். என் மனைவி போடுவார், அதைத் தனியாகப் பேசணும்.

அமராவதி கரைக்காரன்

வாத்தியாரய்யா, வணக்கம். உங்கள் டம்ளர் சோதனையில் சீனி கலந்தது எப்படித் தெரியும்? சீனியும்தான் கரைந்துவிடுமே.

நான் ஒரு ஆலைக்கு நேரிலேயே போனேன். கடைக்காரனை நம்பக் கூடாது, கொப்பரையைப் பார்த்து வாங்கணும் என்று எல்லாரும் சொன்னதால். கரும்பு ஆட்டுகிறார்கள், சாறு கொதிக்கிறது, எல்லாம் கண் முன்னால். ரொம்பத் திருப்தி. ஒன்றுக்குப் போகலாம் என்று பின்பக்கம் ஒதுங்கினால், மடித்து அடுக்கின காலிச் சீனிச் சாக்குகள். சர்க்கரை ஆலையின் முத்திரையோடு. அங்கே உட்கார்ந்திருந்த பாட்டி என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். "நெல்லு காயப் போட வாங்குனது சாமி" என்றார். இருக்கலாம்தான். ஆனால் சாக்கிலிருந்து எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

கொப்பரை வீட்டுத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஆலையைச் சொல்லவில்லை.

வட்டவடை மருமகள்

வெல்லத்துக்கு நடப்பது எங்கள் பூண்டுக்குத் தலைகீழாக நடக்கிறது. மாமனாரோடு தேனிப் பக்கம் வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குப் போனபோது பார்த்தேன்.

வட்டவடை கேரளத்தில் இருக்கிறது. மேப்பில் பார்த்தால் எங்கள் மலைக்கு அந்தப்பக்கம்தான் கொடைக்கானல். ஆனால் பூண்டு மூட்டை காட்டைத் தாண்டிப் போக முடியாது. கோவிலூர், டாப் ஸ்டேஷன், மூணாறு, போடிமெட்டு என்று சுற்றி இறங்கணும். விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி, வாந்தி எடுத்து, போய்ச் சேர்ந்தால் கமிஷன் மண்டிக்காரர் ஒரு பூண்டைக் கிள்ளி முகர்ந்தார். அவருக்கே தெரியும், நல்ல மலைப்பூண்டு. பல் சிறிசு, காரம் அதிகம், அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டுப் புகையில் காய்ந்தது. விலை பேசி முடித்தார். நாங்கள் பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவருடைய ஆள் எங்கள் மூட்டையைத் தூக்கிப் பக்கத்துக் குவியலில் சாய்த்தான். அந்தக் குவியலின் அட்டையில் 'கொடைக்கானல் மலைப்பூண்டு'.

மாமா என்னைப் பார்த்தார். நான், "கேளுங்க மாமா" என்றேன். அவர், "பணம் வந்துருச்சுல்ல, வா தாயி" என்றார்.

கொடைக்கானல் பூண்டுக்கு 2019லேயே குறியீடு கிடைத்தது. காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்கு 2023இல்தான் வந்தது. வந்த பிறகும் எங்களுக்குச் சந்தை அதே சந்தைதான். காய்கறி கேரளத்துக்குள்ளேயே போகிறது, அங்கே கொடுத்தால் பணம் வர மாசக்கணக்கில் ஆகிறது. வடுகபட்டியில் கையில் காசு. குழந்தைக்குப் பீஸ் கட்டணும் என்றால் எங்கே போவீர்கள்? சரி, இப்போது கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம் நட்டு நட்டு ஊற்றெல்லாம் வற்றுகிற கதை வேறு. அதை எழுத ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

உடுமலை மேற்கு

அக்கா சொன்னது எனக்குப் புதுசு. எங்கள் வீட்டில் 'கொடைக்கானல்' என்று வாங்கி வைத்திருப்பது யார் வீட்டுப் பூண்டோ!

கொப்பரை வீட்டுத் தம்பிக்கு ஒரு கேள்வி. நேராக ஆலைக்கே வந்தால் கொடுப்பீர்களா? கறுப்பாக இருந்தால் பரவாயில்லை.

கொப்பரை வீட்டுப் பையன்

வாங்க அண்ணா. கரும்பு ஆட்டுகிற அன்றைக்கு வரணும், போன் பண்ணிக் கேட்டுவிட்டு வாங்க. காலையில் வந்தால் பாகு சாப்பிடலாம். இருட்டுவதற்குள் சின்னார் இறங்கிவிடுங்கள்.

அமராவதிக்காரரும் வரலாம். பின்பக்கம் சாக்கு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஓய்வு வேதியியல் வாத்தியார்

சீனி கலப்பைப் பற்றிக் கேட்டவருக்கு: நியாயமான கேள்வி, டம்ளரில் தெரியாது, ஆய்வகத்துக்குத்தான் போகணும். ஆனால் ஃபிரிட்ஜ் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி.