பைலா ஆவணப்படம்: கல்யாண வீட்டு ஆட்டத்தை எப்படி எடுப்பது?

நிலாவெளிக் கமரா:
வணக்கம் அண்ணைமாரே. திருகோணமலையில் பைலா என்கிற எங்கட துள்ளல் பாட்டும் ஆட்டமும் பற்றி 20 நிமிட ஆவணப்படம் எடுக்கிறோம். பாலையூற்றில் பறங்கியர் (போர்த்துக்கீச, ஒல்லாந்த வழிவந்தவர்கள்) கல்யாண வீடொன்றில் எடுக்க அனுமதி கிடைச்சிருக்கு. இரண்டு கமரா, ஒரு ரெக்கோடர். மண்டபத்துச் சோதனைப் பதிவில் எல்.ஈ.டி வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடுது, பாட்டும் கரகரக்குது. கதையை எங்கே தொடங்கலாம்?

தாளக்கட்டு:
தம்பி, பட்டை ஷட்டரால் வாறது. எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். நொடிக்கு 25 பிரேமில் எடுத்தால் ஷட்டரை 1/50 நொடிக்கு வையுங்கோ. அப்பவும் ஓடினால் 1/100. கரகரப்புக்குக் காரணம், ஒலி மிக்ஸரில் இருந்து வாற பலமான லைன் சிக்னலை மைக் உள்ளீட்டில் குடுக்கிறதாக இருக்கும். ரெக்கோடரை லைனுக்கு மாத்தி, உச்சம் -12 டெசிபெல்லைத் தாண்டாமல் பாருங்கோ. ஆனால் மிக்ஸர் ஒலியில் காலடியும் கைதட்டும் வராது. அது இல்லாட்டி பைலாவே இல்லை. ஸ்பீக்கருக்குப் பின்பக்கமாக, தரையோடு இன்னொரு மைக் கட்டாயம் வேணும்.

வெட்டும்போது கவனம். பைலாவின் ஆறெட்டுத் (6/8) தாளத்தில் ஆறு எண்ணிக்கையில் ஒன்றிலும் நாலிலும்தான் அடி விழும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஒரு அடி 12.5 பிரேம். 12 பிரேம் என்று எண்ணி வெட்டினால் எட்டு அடியில் 4 பிரேம் முந்திவிடும், கால் தாளம் தப்பினது போலத் தெரியும். ஒலி அலையைப் பார்த்து வெட்டுங்கோ. ஒரு கமராவை முழு உருவமும் பாதமும் தெரிய அசையாமல் நிறுத்துங்கோ. முகத்தை மட்டும் கிட்டக் கிட்டக் காட்டினால் ஆட்டம் போயிடும்.

உப்புவெளி வாசகன்:
கதையை வயலினில் தொடங்குங்கோ. பறங்கியர் வயலினோடு வாசிக்கிற கஃப்ரிஞ்ஞா என்கிற ஆட்ட இசைதான் பைலாவுக்கு முந்தியது. அந்தத் தாளத்தில் சிங்கள வரிகளைப் போட்டு 1940களில் பரப்பியவர் பொலிஸ் உத்தியோகத்தர் வோலி பஸ்தியன். பிறகு நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் வழியாக எங்கட தமிழ்ப் பொப்பிசைக்குள்ளும் அது வந்தது. பள்ளிக்கூட மட்ச்சில் அடிக்கிற பப்பரே பாண்டையும் சேருங்கோ. பறங்கியரின் லான்சர்ஸ் ஆட்டம் வேறு: நாலு சோடி சதுரமாக நின்று ஆடுவது. அதைப் பைலா என்று எழுதிப் போடாதேங்கோ, அந்தச் சமூகத்துக்கு மனம் நோகும். குடித்து ஆடுகிறவர்களை வைத்து முழுப் படத்தையும் ஓட்டவும் வேண்டாம்.

தாளக்கட்டு:
கடற்கரையில் எடுத்தால் காலையில் சூரியன் கடலுக்கு மேலே. கடலை முதுகில் வைத்து ஆடுகிறவர்களின் முகம் இருட்டும். பின்னேர வெயில் நல்லது. ஆனால் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மைக்குக்குக் காற்றைத் தடுக்கிற மயிருறை போடாட்டி ஒலி முழுக்க இரைச்சல்தான். பிரட்றிக் கோட்டையில் இராணுவம் இருக்கு, அந்தப் பக்கம் ட்ரோன் நினைக்கவே வேண்டாம். கல்யாண வீட்டில் வாசிப்பதைப் பதிந்தாலும் பாட்டின் உரிமை எழுதினவருடையது. அவர் இறந்து 70 வருடம் வரை அனுமதி எடுக்க வேணும். எடிட்டுக்கு முதலே கேளுங்கோ.