லண்டன் தண்ணீரில் வீட்டுச் சலவைத்தூள் சரிவருமா?

கேள்வி:
வணக்கம். ஈஸ்ட் ஹாமுக்குக் குடிவந்து சில மாதம்தான் ஆகிறது. மாமியார், இரண்டு பிள்ளைகளோடு ஐந்து பேர். மெஷின் ஓடாத நாளே இல்லை. பார் சோப்பைத் துருவி, வாஷிங் சோடாவும் போராக்ஸும் கலந்து வீட்டிலேயே சலவைத்தூள் செய்கிற வீடியோக்கள் நிறையப் பார்த்தேன். செலவு குறையுமா? போராக்ஸ் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? தெரிந்த அக்கா, அண்ணன் யாராவது சொல்லுங்களேன்.

பதில்:
போராக்ஸைத் தேடி அலையாதீர்கள் தங்கச்சி. நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் என்று தருவார்களே, அதேதான். அமெரிக்காவில் மளிகையோடு மளிகையாகக் கிடைக்கும், அதனால்தான் அந்த வீடியோ எல்லாவற்றிலும் வருகிறது. கருவளத்தைப் பாதிக்கக்கூடியது என்று வகைப்படுத்திவிட்டதால் பிரிட்டனில் பொதுமக்களுக்கு விற்பதில்லை. 'போராக்ஸ் சப்ஸ்டிட்யூட்' என்று எழுதிய பாக்கெட் இருக்கும். அது வேறு பொருள், சோடா வகைதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் சோப்புத் துருவல். ஊரில் போர் தண்ணீரில் துவைத்திருந்தால் உங்களுக்கே தெரியும்: எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது, தயிர் திரிந்த மாதிரி ஏதோ மிதக்கும். லண்டன் தண்ணீர் வாயில் உப்புக் கரிக்காது, ஆனால் சுண்ணாம்புப் பாறை வழியாக வருவதால் கடின நீர்தான். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பாருங்கள். அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத பிசுக்கு உண்டாகும். கையால் துவைத்தால் நாலு தண்ணீரில் அலசிவிடுவோம். இங்குள்ள முன்பக்கக் கதவு மெஷின் கொஞ்சம் தண்ணீரில்தான் அலசும். பிசுக்கு துணியிலேயே தங்கிவிடும், கதவு ரப்பரின் மடிப்பிலும் சாம்பல் நிறத்தில் ஒட்டும். முதலில் ஒன்றும் தெரியாது. போகப்போக வெள்ளைச் சட்டை மங்கும், துண்டு தண்ணீரை உறிஞ்சாது. கடையில் விற்பது சோப்பு அல்ல, டிடர்ஜென்ட். கடின நீரில் அது இப்படித் திரியாது, அதிலும் தூளில் நீரை மென்மையாக்கும் பொருளும் சேர்ந்தே வரும்.

அதனால் லண்டனில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது பாதி வீட்டுத் தயாரிப்பு. சூப்பர் மார்க்கெட் சொந்தப் பெயரில் விற்கிற மலிவான 'பயோ' தூள் ஒன்று வாங்குங்கள். கூடவே 'சோடா கிரிஸ்டல்ஸ்', நம் வாஷிங் சோடாதான், துப்புரவுப் பொருள் அடுக்கில் கீழ்த்தட்டில் இருக்கும். தூள் பெட்டியின் பின்னால் மென்நீருக்கு இவ்வளவு, கடின நீருக்கு இவ்வளவு என்று அளவு போட்டிருப்பார்கள். மென்நீர் அளவை மட்டும் போட்டு, இரண்டு மூன்று மேசைக்கரண்டி சோடாவைச் சேர்த்துவிடுங்கள். கடின நீரைச் சோடா பார்த்துக்கொள்ளும். மிச்சமாவது இங்கேதான். தலைக்கு எண்ணெய் வைத்த தலையணை உறை, பிள்ளைகள் சாம்பார் கொட்டிய சீருடை இதற்கெல்லாம் பயோ தூளில் இருக்கும் என்சைம்தான் வேலை செய்யும். அதைச் சமையலறையில் செய்ய முடியாது.

வெள்ளைத் துணிக்குச் சோடியம் பெர்கார்பனேட் என்று ஒரு வெள்ளைத் தூள் தனியாகக் கிடைக்கும். ஒரு கரண்டி போதும், ஆனால் 40 டிகிரிக்குக் குறைந்தால் அவ்வளவாக வேலை செய்யாது. அதைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் இறுக மூடி வைக்கவே வேண்டாம், வாயு வெளியாகிப் பாட்டில் வெடிக்கும். சோடாவை அலுமினியப் பாத்திரத்தில் கலக்காதீர்கள், அரித்துவிடும். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்ப சோடாவும் வினிகரும் சேர்த்துப் பொங்கவிடுகிற வீடியோவும் வரும். ஒன்றை ஒன்று அடித்துவிட்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். பார்க்க மட்டும் ஜோர். வினிகரையும் குளோரின் ப்ளீச்சையும் மட்டும் எந்தக் காரணத்துக்கும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும்.

இன்னொருவர்:
நாங்கள் கிளாஸ்கோவில். இங்கே 1859-இலிருந்து கேட்ரின் ஏரித் தண்ணீர்தான், ரொம்ப மென்மையானது, கெட்டிலில் ஒரு பொட்டு வெள்ளை படியாது. சோப்புத் துருவல் ஒரு பங்கு, சோடா இரண்டு பங்கு, மெஷினுக்கு இரண்டு மேசைக்கரண்டி. சாதாரண அழுக்குக்குப் போதும். துருவலை முதலில் சுடுதண்ணீரில் கரைத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் கறுப்புத் துணியில் வெள்ளைத் துணுக்காக ஒட்டும். மொத்தமாகச் செய்து வைத்தால் கட்டி தட்டும்.

பதில்:
சரிதான். மான்செஸ்டர், பர்மிங்காம் பக்கமும் பெரும்பாலும் மென்நீர். தண்ணீர் நிறுவனத்தின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்கள் தெருவின் கணக்கே வரும். துருவலை எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

கேள்வி:
ரொம்ப நன்றிக்கா. ஏற்கெனவே ஊரிலிருந்து கொண்டுவந்த பார் சோப்பைத் துருவிப் போட்டுத் துவைத்துக்கொண்டிருக்கிறேன். மெஷின் கெட்டிருக்குமா? அப்புறம் சின்னவன் சட்டையில் மஞ்சள் கறை, சோப்பு போட்டதும் சிவப்பாகிவிட்டது!

பதில்:
மெஷின் இருக்கட்டும், முதலில் துண்டைச் சோதியுங்கள். துவைத்த துண்டு ஒன்றை வாளியில் வெந்நீர் ஊற்றி, சோப்பே போடாமல் அலசுங்கள். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி நுரைத்தால் பிசுக்கு உள்ளேதான் இருக்கிறது. காலி மெஷினில் அரை கிலோ சோடாவைப் போட்டு, இருப்பதிலேயே அதிகச் சூட்டில் ஒரு முறை ஓடவிடுங்கள். கதவு ரப்பர் மடிப்பைத் துணியால் துடையுங்கள். துண்டுகளைத் தனியாக 60 டிகிரியில், சோடா மட்டும் போட்டு ஓட்டலாம். ஃபேப்ரிக் கண்டிஷனர் துண்டுக்கு வேண்டாம்.

மஞ்சள்தூள் கறையில் சோப்பு, சோடா மாதிரிக் காரப்பொருள் பட்டால் சிவக்கத்தான் செய்யும், அலசினால் திரும்ப மஞ்சளாகும். பருத்திச் சட்டை என்றால் பெர்கார்பனேட் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து வெளியே காயப்போடுங்கள். மஞ்சளை வெளுக்கவைப்பதில் வெயிலை அடித்துக்கொள்ள ஆளில்லை. இங்கே அது கிடைப்பதுதான் பாடு.

மாமியாரின் பட்டுப்புடவைக்கும் கம்பளிக்கும் இதில் எதுவுமே ஆகாது. சோடாவும் என்சைமும் அந்த நாரையே தின்றுவிடும். பூந்திக்கொட்டையை வேகவைத்து வடிகட்டி, ஆறிய தண்ணீரில் கையால் அலசுங்கள். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் நம்மவர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சரிகை கனமாக இருந்தால் டிரை கிளீனிங்தான்.